அக்குபங்சர் செய்பவரின் படிப்பையும் பக்குவத்தையும் நோயாளி எப்படி அறிந்துகொள்வது?

கேள்வி: பொள்ளாச்சி மகள்

அனைவருக்கும் வணக்கம். என் அம்மாவுக்கு 63 வயதாகிறது. இரண்டு முழங்கால்களிலும் மூட்டுத் தேய்மானம் இருப்பதால் மாடிப்படி ஏறுவதற்கும், தரையில் அமர்ந்து எழுவதற்கும் மிகவும் சிரமப்படுகிறார். மூன்று ஆண்டுகளுக்கு முன்பு இதயத்தில் ஸ்டென்ட் வைத்ததிலிருந்து குளோபிடோக்ரெல் மாத்திரையும், சர்க்கரைக்கு மெட்ஃபார்மினும் எடுத்துவருகிறார். வலி மாத்திரைகளை இயன்றவரை தவிர்க்கும்படி இதயநோய் மருத்துவர் சொல்லிவிட்டதால், வேறு வழி ஏதாவது உண்டா என்று தேடிக்கொண்டிருந்தோம்.

என் சித்தி சொன்னதன் பேரில் பக்கத்து ஊரில் உள்ள ஓர் அக்குபங்சர் ஹீலரிடம் சென்ற வாரம் அம்மாவை அழைத்துச் சென்றேன். பெயர்ப்பலகையில் அவருடைய பெயருக்கு முன்னால் 'டாக்டர்' என்றும், பின்னால் 'எம்.டி. (அக்கு)' என்றும் எழுதியிருந்தது. இரண்டு மூன்று நிமிடங்கள் நாடி பார்த்தார், காலில் ஒரே ஒரு புள்ளியை விரலால் தொட்டார், அவ்வளவுதான். நாங்கள் எடுத்துச் சென்ற எக்ஸ்ரே படத்தை உறையிலிருந்து வெளியே எடுக்கவே இல்லை. கிளம்பும்போது, "எல்லா மாத்திரைகளையும் நிறுத்திவிடுங்கள், உடம்பு தானாகவே கழிவுகளை வெளியேற்றும், வலி கூடினால் அது குணமாவதன் அடையாளம்" என்றார். அவர் பேசிய கனிவில் அம்மாவுக்கு முழு நம்பிக்கை வந்துவிட்டது. எனக்குத்தான் மனம் ஒப்பவில்லை.

அக்குபங்சர்மீது எனக்கு வெறுப்பு ஏதும் கிடையாது. ஆனால் இத்துறையில் ஒருவர் எவ்வளவு காலம், என்ன படித்திருக்க வேண்டும், அந்தப் பட்டங்களின் மதிப்பு என்ன, நல்ல அக்குபங்சர் நிபுணர் ஒரு நோயாளியை எப்படி அணுகுவார் என்பவற்றை விவரம் அறிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

---

மறுமொழி 1: ஊசிமுனை

சகோதரிக்கு வணக்கம். அம்மா குளோபிடோக்ரெலை ஏற்கெனவே நிறுத்தியிருந்தால், இதை மேற்கொண்டு படிப்பதற்கு முன் இதயநோய் மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்துப் பேசிவிடுங்கள். ஸ்டென்டுக்குள் இரத்தம் உறையாமல் காக்கும் மாத்திரை அது. அதை நிறுத்தலாமா, எப்போது நிறுத்தலாம் என்று சொல்லும் உரிமை அதை எழுதிக்கொடுத்த மருத்துவருக்கு மட்டுமே உண்டு. எனக்கு இல்லை, அந்த ஹீலருக்கும் இல்லை.

நான் மதுரையில் பதினான்கு ஆண்டுகளாக அக்குபங்சர் செய்துவருகிறேன். படித்தது வணிகவியல். ஒரு மருந்துக்கடையில் கணக்கெழுதிக்கொண்டிருந்த காலத்தில், ஒற்றைத் தலைவலிக்காக நானே அக்குபங்சர் எடுத்துக்கொண்டு, அந்த ஈர்ப்பில் படிக்கப் போனவன். முதலில் சேர்ந்த ஓராண்டுப் பட்டயப் படிப்பில் மாதத்திற்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள், நாளொன்றுக்கு ஆறு மணி நேரம் வகுப்பு நடந்தது. கூட்டிப் பார்த்தால் 144 மணி நேரம். உலகச் சுகாதார நிறுவனம் 1999இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, மருத்துவப் பின்னணி இல்லாத ஒருவர் முழுமையான அக்குபங்சர் பயிற்சி பெற 2500 மணி நேரம் வேண்டும். அதில் குறைந்தது 1000 மணி நேரம் நோயாளிகளோடு செய்முறையாகக் கழிய வேண்டும். ஏற்கெனவே மருத்துவராக இருப்பவர் குறிப்பிட்ட சில நோய்களுக்கு மட்டும் இதைத் துணையாகப் பயன்படுத்துவதற்கே 200 மணி நேரம் சொல்லப்பட்டிருக்கிறது. அதாவது, ஒரு மருத்துவருக்கான குறுகிய பயிற்சியைவிடவும் குறைந்த பயிற்சியோடு, மனித உடற்கூற்றை ஒரு வண்ணப்படத்தில் மட்டுமே பார்த்திருந்த நான், சட்டம் போட்ட சான்றிதழைச் சுவரில் மாட்டிக்கொண்டு நோயாளிகளைப் பார்க்கத் தொடங்கினேன்.

அதன் விளைவு எட்டாவது மாதத்தில் தெரிந்தது. இடது கெண்டைக்காலில் வலியென்று ஒரு பெண்மணி வந்தார். அந்தக் கால் மட்டும் வீங்கியிருந்தது, தொட்டால் சூடாக இருந்தது. நான் நாடி பார்த்து, சீன மரபு சொல்லும் ஐந்து மூலகங்களுள் ஏதோ ஒன்றின் குறைவு என்று முடிவுகட்டி, புள்ளியைத் தூண்டி அனுப்பிவிட்டேன். மறுநாள் வீட்டார் அவரை மருத்துவமனையில் சேர்த்தபோது, காலின் ஆழ்சிரையில் இரத்தம் உறைந்திருப்பது தெரியவந்தது. அவர் நலமாகிவிட்டார். ஆனால் ஒரு கால் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தால் அதைத் தொடாமல் மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும் என்பதைக்கூட எனக்கு யாரும் கற்பிக்கவில்லை என்பதும், கற்பிக்கவில்லை என்பதையே நான் அறியாதிருந்தேன் என்பதும் அன்றுதான் புரிந்தது.

அதன்பின் கடையைச் சாத்திவிட்டு இரண்டு ஆண்டுகள் கொல்கத்தாவில் தங்கிப் படித்தேன். நம் நாட்டில் இக்கலை வேரூன்றிய இடம் அது. 1938இல் சீனாவுக்குச் சென்ற இந்திய மருத்துவக் குழுவில் டாக்டர் கோட்னிஸோடு இருந்த டாக்டர் பிஜய் குமார் பாசு, 1950களின் இறுதியில் மீண்டும் அங்கே சென்று அக்குபங்சரைக் கற்றுவந்து கொல்கத்தாவில் செய்யத் தொடங்கினார். மேற்கு வங்கம் 1996இலேயே இதற்கெனத் தனிச் சட்டம் இயற்றியது. அங்கே முதல் மூன்று மாதங்கள் என்னை யாருக்கும் ஊசி போட விடவில்லை. பஞ்சுருண்டையில் குத்தினேன், பிறகு என் சொந்தக் காலில் குத்தினேன். தோள்பட்டைப் புள்ளியில் ஊசி எவ்வளவு ஆழம் போனால் நுரையீரலின் உறையைத் தொடும் என்பதையும், முழங்கைக்குப் பின்னால் எந்த நரம்பு எங்கே ஓடுகிறது என்பதையும் படத்தில் அல்லாமல் விரல்நுனியில் கற்றேன்.

பட்டங்களைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். மத்திய அரசு 2003 நவம்பரில் பிறப்பித்த ஆணை, அக்குபங்சரை ஒரு சிகிச்சை முறையாகப் பதிவுபெற்ற மருத்துவர்களோ உரிய பயிற்சி பெற்றவர்களோ செய்யலாம் என்று அனுமதித்தது. ஆனால் 'டாக்டர்' என்ற சொல்லை அங்கீகரிக்கப்பட்ட மருத்துவ முறைகளைச் சேர்ந்தவர்களே பயன்படுத்த வேண்டும் என்றும் அதே ஆணை சொன்னது. 2019இல் மத்திய அரசு அக்குபங்சரைத் தனித்ததொரு சிகிச்சை முறையாக ஏற்றது. தமிழ்நாட்டில் வங்கத்தைப் போலத் தனிச் சட்டமோ, பெயர்களைப் பதிவு செய்யும் மன்றமோ இல்லை. ஆகவே 'எம்.டி. (அக்கு)' என்ற எழுத்துகளைக் கண்டால் அது எத்தனை மணி நேரப் படிப்பு, எத்தனை நோயாளிகளை யாருடைய மேற்பார்வையில் பார்த்தார் என்று நேராகவே கேட்டுவிடுங்கள். உண்மையில் படித்தவருக்கு அந்தக் கேள்வி கோபமூட்டாது.

நம் ஊரில் ஊசி குத்துபவர்கள், விரலால் தொடுபவர்கள் என இரண்டு மரபுகள் இருக்கின்றன. பல தமிழ் வகுப்புகளில் சீன மரபின் மூலகங்களான மரமும் உலோகமும் ஆகாயமாகவும் காற்றாகவும் பெயர்மாறி, நம் பஞ்சபூதங்களோடு கலந்துவிட்டன. அதனாலேயே இது நம்முடைய பழைய அறிவு என்ற உணர்வு மக்களுக்கு எளிதில் ஏற்படுகிறது. தொடுவதால் யாருக்கும் தீங்கு வரப்போவதில்லை. தொட்ட கையோடு மருந்தை நிறுத்தச் சொல்வதிலும், வலி கூடினால் கழிவு வெளியேறுகிறது என்று பொருள்சொல்லி உண்மையான எச்சரிக்கை அறிகுறியை மறைப்பதிலும்தான் ஆபத்து இருக்கிறது. நோய் குறைந்தாலும் சிகிச்சைக்கு வெற்றி, கூடினாலும் வெற்றி என்று ஒருவர் சொல்லும்போது, தம்முடைய தவறை அறிந்துகொள்ளும் வழியை அவரே அடைத்துவிடுகிறார்.

என்னிடம் தங்கள் அம்மாவைப் போன்ற ஒருவர் வந்தால் முதல் நாள் முக்கால் மணி நேரம் ஆகும். எடுத்துக்கொள்ளும் மருந்துகள், இதயமுடுக்கி (பேஸ்மேக்கர்), இரத்தக்கசிவு, சர்க்கரை அளவு, முன்பு ஊசிக்கு மயங்கியதுண்டா, சாப்பிட்டுவிட்டு வந்தாரா என்று கேட்பேன். வெறும் வயிற்றோடு வருபவர்களே பெரும்பாலும் மயங்குகிறார்கள். எக்ஸ்ரேயைப் பார்ப்பேன், முழங்காலை மடக்கி நீட்டச் சொல்லிப் பார்ப்பேன், நாடியும் நாக்கும் பார்ப்பேன். பிறகு படுக்க வைத்து, உறை பிரிக்காத, ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் ஊசிகளை அவர் கண்ணெதிரே பிரிப்பேன், 0.25 மில்லிமீட்டர் தடிமனும் 40 மில்லிமீட்டர் நீளமும் உள்ளவை. முழங்கால் சிப்பிக்குக் கீழே இருபுறமும் உள்ள குழிகள், அங்கிருந்து நான்கு விரற்கடை கீழே எஸ்டி 36 என்று குறிக்கப்படும் புள்ளி, உட்புறம் எஸ்பி 9, வெளிப்புறம் ஜிபி 34 என ஏழெட்டுப் புள்ளிகள் போதும். அந்த நான்கு விரல்களும் நோயாளியின் விரல்களாக இருக்க வேண்டும். என் விரலால் அளந்தால் குள்ளமானவருக்குப் புள்ளி தவறிவிடும். 'கனமா இருக்கு, இழுக்குது' என்று அவரே சொல்லும்போது ஊசியை நிறுத்திவிடுவேன். இருபது நிமிடங்கள். போட்ட ஊசிகளை எண்ணிக் குறித்துக்கொண்டு, எடுக்கும்போதும் எண்ணுவேன். ஆறு அமர்வுகளுக்குள் படியேறுவதில் ஒரு மாற்றமும் இல்லையென்றால் என்னால் ஆகாது என்று சொல்லி எலும்பு மருத்துவரிடம் அனுப்பிவிடுவேன்.

---

மறுமொழி 2: ஓய்வுபெற்ற எலும்பு மருத்துவர்

அரசு மருத்துவமனைகளில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் எலும்பு மூட்டுப் பிரிவில் பணியாற்றியவன் என்ற முறையில் சில சொற்கள். மேலே எழுதியிருப்பவரின் நேர்மையை மதிக்கிறேன். எனினும் அவர் எழுதியதில் ஓரிடத்தில் எனக்கு மாறுபாடு உண்டு. பயிற்சி கூடக்கூடப் புள்ளி துல்லியமாகும், புள்ளி துல்லியமானால் பலன் கூடும் என்ற எண்ணம் அவருடைய எழுத்தின் அடியில் இருக்கிறது. சோதனைகள் அதை அவ்வளவாக ஆதரிக்கவில்லை.

ஜெர்மனியில் முழங்கால் மூட்டுத் தேய்மானம் உள்ள 1007 பேரை வைத்து நடத்திய பெரிய ஆய்வின் முடிவு 2006இல் வெளிவந்தது. ஒரு பிரிவினருக்கு மரபுப்படியான புள்ளிகளில் ஊசி போட்டார்கள். இன்னொரு பிரிவினருக்குப் புள்ளியல்லாத இடங்களில் மேலோட்டமாகக் குத்தினார்கள். மூன்றாம் பிரிவினர் மருத்துவரைச் சந்தித்து வழக்கமான வலிமருந்துகளைப் பெற்றார்கள். 26 வாரங்களுக்குப் பிறகு குறிப்பிடத்தக்க முன்னேற்றம் கண்டவர்கள் முறையே 53.1, 51.0, 29.1 விழுக்காடு. வழக்கமான மருத்துவத்தைவிட ஊசி போட்டுக்கொண்டவர்கள் நன்றாகவே இருந்தார்கள் என்பதும், ஊசி எந்த இடத்தில் போடப்பட்டது என்பதால் பெரிய வேறுபாடு வரவில்லை என்பதும் ஒரே அட்டவணையில் இருக்கின்றன. ஆதரவாளர்கள் முதற்பாதியை மட்டும் மேற்கோள் காட்டுகிறார்கள், எதிர்ப்பாளர்கள் பிற்பாதியை மட்டும். ஜெர்மனியோ முதற்பாதியை எடுத்துக்கொண்டு, 2007 முதல் முழங்கால் தேய்மான வலிக்கும் நாட்பட்ட இடுப்புவலிக்கும் பொதுக் காப்பீட்டில் அக்குபங்சரைச் சேர்த்தது.

அதனால்தான் நாடுகளின் பரிந்துரைகளும் ஒத்துப்போவதில்லை. அமெரிக்க மூட்டுநோய் மருத்துவர் கல்லூரி 2019இல் முழங்கால் தேய்மானத்துக்கு நிபந்தனையுடன் பரிந்துரைத்தது. பிரிட்டனின் தேசிய வழிகாட்டுதல் 2022இல் தேய்மானத்துக்கு அக்குபங்சர் வேண்டாம் என்றது. அதே அமைப்புதான் வேறு காரணமின்றி நீடிக்கும் நாட்பட்ட வலிக்கு அதைப் பரிசீலிக்கலாம் என்று 2021இல் சொல்லியிருந்தது.

என் சொந்தக் கணிப்பு: அரைமணி நேரம் ஒருவர் அருகில் அமர்ந்து, காலைத் தொட்டு, பேசுவதைக் காதுகொடுத்துக் கேட்டு, அடுத்த வாரமும் வரச் சொல்வது வலியின் மேல் உண்மையிலேயே வேலைசெய்கிறது. எங்கள் புறநோயாளிப் பிரிவில் ஒருவருக்கு மூன்று நிமிடம் ஒதுக்கவே முடியாமல் திணறியவன் நான். அந்த வகையில் இவர்கள் கொடுக்கும் முக்கால் மணி நேரத்தைக் கண்டு எனக்குச் சற்றுப் பொறாமையும் உண்டு. ஆனால் தங்கள் ஹீலர் அந்த நேரத்தையும் கொடுக்கவில்லையே, அம்மா.

ஊசியின் ஆபத்தைப் பற்றியும் அளவோடு பேச வேண்டும். ஜெர்மனியில் மருத்துவர்களிடம் அக்குபங்சர் செய்துகொண்ட 97,733 பேரைக் கண்காணித்தபோது தீவிரமான பாதிப்பு என்று கருதத்தக்கவை ஆறு; அவற்றுள் இரண்டு, நுரையீரலைச் சுற்றிக் காற்றுப் புகுந்த நிகழ்வுகள். அங்கே ஊசி போட்டவர்கள் உடற்கூறு படித்த மருத்துவர்கள் என்பதை மறந்துவிட்டு இந்த எண்ணை நம் ஊருக்குப் பொருத்தக் கூடாது.

தமிழ்நாட்டில் இன்னொரு வழியும் இருக்கிறது. இயற்கை மருத்துவமும் யோகாவும் படிக்கும் பி.என்.ஒய்.எஸ். என்ற ஐந்தரை ஆண்டுப் பட்டப்படிப்பில் அக்குபங்சர் ஒரு பாடம். உடற்கூற்றியலும் உடலியங்கியலும் படித்த பிறகே மாணவர்கள் அதற்கு வருகிறார்கள். சென்னை அரும்பாக்கத்தில் இதற்கான அரசுக் கல்லூரி உள்ளது. எந்த வழியில் போனாலும், தொடையின் முன்தசையை வலுப்படுத்தும் பயிற்சியையும் எடைக்குறைப்பையும் விட்டுவிடாதீர்கள்; மேலே சொன்ன எல்லா வழிகாட்டுதல்களும் ஒருமித்து நிற்கும் இடம் அது ஒன்றுதான்.

---

மறுமொழி 3: சிங்கைவாசி

சிங்கப்பூரில் இந்தக் கேள்வியை நோயாளி கேட்கவேண்டிய தேவை பெரும்பாலும் எழுவதில்லை என்பதற்காக இதை எழுதுகிறேன். இங்கே 2000ஆம் ஆண்டின் பாரம்பரியச் சீன மருத்துவர் சட்டத்தின்படி அக்குபங்சர் செய்பவர் ஒவ்வொருவரும் வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். ஆங்கில மருத்துவம் படித்த மருத்துவரும் ஊசி போட விரும்பினால் தனியாகப் பதிவு பெற வேண்டும். பெயரைத் தட்டினால் பதிவு நடப்பில் உள்ளதா என்பது இணையத்திலேயே தெரிந்துவிடும். முறைகேடு நிரூபணமானால் வாரியம் பதிவை நீக்குகிறது.

என் தோள்வலிக்காக நான் சென்ற சீன மருத்துவருக்குத் தமிழ் தெரியாது, எனக்கு மாண்டரின் தெரியாது. அரைகுறை ஆங்கிலத்தில்தான் பேசிக்கொண்டோம். ஆனாலும் இரத்த அழுத்த மாத்திரையின் பெயரை அட்டையைக் காட்டச் சொல்லி எழுதிக்கொண்டார். நான்காவது முறை சென்றபோது, கையைத் தூக்கவே முடியாமல் போவதைப் பார்த்துவிட்டு, பாலிகிளினிக் என்னும் அரசு மருந்தகத்துக்குச் சென்று ஸ்கேன் எடுக்கும்படி அவரே கடிதம் எழுதிக்கொடுத்தார். பதிவு முறை இருப்பதால் எல்லோரும் திறமைசாலிகள் ஆகிவிடுவதில்லை. எனக்கு வலி முழுவதும் போகவும் இல்லை. ஆனால் மருந்தை நிறுத்தச் சொன்னால் முறையிடுவதற்கு ஓர் இடம் இருக்கிறது. பொள்ளாச்சியில் அப்படியோர் இடம் இல்லாதபோது, அந்த வேலையைத் தாங்கள்தான் செய்ய வேண்டியிருக்கிறது.

---

கேட்டவரின் பதில்: பொள்ளாச்சி மகள்

மூவருக்கும் நன்றி. அம்மா இரண்டு நாட்கள் மாத்திரை போடாமல் இருந்தது உங்கள் மறுமொழியைப் படித்த பிறகு நான் கேட்டபோதுதான் தெரிந்தது. உடனே இதயநோய் மருத்துவரிடம் பேசி, அவர் சொன்னபடி மீண்டும் தொடங்கிவிட்டார். இப்போது நலமாக இருக்கிறார்.

அந்த ஹீலரிடம் நான் மட்டும் சென்று, எங்கே எத்தனை மணி நேரம் படித்தார் என்று மரியாதையாகவே கேட்டேன். "நம்பிக்கை இல்லாதவர்களுக்குச் சிகிச்சை பலிக்காது" என்றார். அதற்கு மேல் கேட்க எனக்கு ஒன்றும் இல்லை. அம்மாவுக்கோ மனத்தாங்கல், அவ்வளவு அன்பாகப் பேசியவரைச் சந்தேகப்படுகிறாயே என்கிறார்.

கோவையில் பி.என்.ஒய்.எஸ். படித்த ஒரு பெண் மருத்துவரிடம் அடுத்த வாரம் நேரம் வாங்கியிருக்கிறேன். அவர் ஊசி போடுபவர். குளோபிடோக்ரெல் எடுப்பவருக்கு ஊசி போடலாமா, சர்க்கரை இருப்பதால் வேறு ஏதேனும் கவனிக்க வேண்டுமா என்பதை மட்டும் ஊசிமுனை ஐயா சொல்ல வேண்டும்.

---

மறுமொழி 4: ஊசிமுனை

முதலில் எலும்பு மருத்துவர் ஐயாவுக்கு: தாங்கள் காட்டிய ஆய்வை நானும் அறிவேன், புள்ளியின் துல்லியத்தைப் பற்றி என் குருநாதர்கள் சொன்ன அளவு உறுதியோடு இப்போது நான் பேசுவதில்லை. ஆனால் நான் பயிற்சியை வற்புறுத்துவது பலனுக்காக மட்டுமல்ல. எங்கே குத்தக் கூடாது, யாரைத் தொடாமல் அனுப்ப வேண்டும் என்பதற்கும் அந்த 2500 மணி நேரம் தேவைப்படுகிறது.

சகோதரிக்கு: குளோபிடோக்ரெல் எடுப்பவருக்கு ஊசி போடலாம், மாத்திரையை அதற்காக நிறுத்தக் கூடாது. மெல்லிய ஊசியாக, ஆழம் குறைவாக, மூட்டின் உட்குழிக்குள் செல்லாமல் போட வேண்டும். எடுத்த பிறகு ஒவ்வொரு புள்ளியையும் பஞ்சால் ஓரிரு நிமிடம் அழுத்திப் பிடிக்கச் சொல்லுங்கள். சிறிய கன்றல் தெரிந்தால் கவலைப்பட வேண்டாம், வீக்கம் பெருகினால் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். இதயத்தில் ஸ்டென்ட் இருப்பதால் ஊசிக்குத் தடையில்லை. இதயமுடுக்கி இருப்பவருக்குத்தான் ஊசியோடு மின்தூண்டல் கொடுக்கக் கூடாது.

சர்க்கரையைப் பொறுத்தவரை, அம்மாவின் பாதங்களில் உணர்ச்சி சரியாக இருக்கிறதா என்று அந்த மருத்துவர் முதலில் சோதிப்பாரா எனக் கவனியுங்கள். பாதத்தில் புண்ணோ வெடிப்போ இருந்தால் அப்பகுதியில் ஊசி வேண்டாம். மூலிகைத் திரியைக் கொளுத்திச் சூடு காட்டும் மோக்ஸா சிகிச்சையையும் பாதத்தில் அனுமதிக்காதீர்கள். மரத்துப்போன காலுக்குச் சூடு தெரியாது, கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். போகும் நாளில் காலை உணவை முடித்துக்கொண்டு, மருந்துச் சீட்டுகள் அனைத்தையும் எக்ஸ்ரேயையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். இம்முறை அந்த உறை திறக்கப்படும் என்று நினைக்கிறேன்.